கடல் கடந்த வகுப்பறையில் நம் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றிய எண்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2024-இல் பிற நாடுகளில் படித்த இந்தியர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். 2009-க்குப் பிறகு அந்த ஆண்டுதான் இந்தியா சீனாவை முந்தியது. எத்தனை பேருக்கு விசா கிடைத்தது, கட்டணம் எவ்வளவு ஏறியது, எந்த நாடு வேலை அனுமதியைக் குறைத்தது என்பதெல்லாம் உடனுக்குடன் செய்தியாகிவிடுகின்றன. போன பிள்ளை அங்கே என்ன கற்றது, எவ்வளவு கற்றது என்று கேட்பவர்தான் குறைவு. பெற்றோர் கேட்பதில்லை, அனுப்பிவைத்த முகவர் கேட்பதில்லை, கடன் கொடுத்த வங்கியும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைத் திருவேங்கடத்தில் இருந்துகொண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு. சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமி இது. பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் மழையை நம்பி விளையும் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசு, பட்டாசு ஆலை, இல்லையென்றால் திருப்பூர். இந்த ஊர் இருக்கும் தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். குற்றாலத்துப் பராசக்தி மகளிர் கல்லூரியும் திருநெல்வேலியின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும்தாம் இந்தப் பக்கத்து வீடுகளில் முதல் பட்டதாரிகளை உருவாக்கின. அந்த முதல் பட்டதாரியின் பிள்ளையோ தம்பியோ தங்கையோ இன்று கடல் கடக்கிறார். மருத்துவத்துக்கு பிலிப்பைன்ஸ், ரஷ்யா, ஜார்ஜியா; ஓராண்டு முதுகலைக்கு இங்கிலாந்து, அயர்லாந்து; பொறியியல் மேற்படிப்புக்கு ஜெர்மனி, அமெரிக்கா. நகரத்துப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு பல வாய்ப்புகளில் ஒன்று. இங்கே அது ஒரு குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் பத்தாண்டு நிம்மதியையும் பணயம் வைக்கும் முடிவு. என்ன கிடைக்கும் என்று கேட்க இந்தக் குடும்பங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் உரிமை உண்டு.

கல்வி ஆய்வுலகில் இந்தக் கேள்விக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. 1950-இல் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்களின் மாநாட்டில் கருக்கொண்டு, 1951-இல் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியா மட்டும் 1980-கள் வரை ஏறத்தாழ 20,000 ஆசிய மாணவர்களை ஏற்றுக்கொண்டது. மலாயா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, இந்தோனேசியா என்று வந்தவர்களைப் பார்த்து அங்கத்திய ஆசிரியர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், வகுப்பில் வாய் திறப்பதில்லை, ஆசிரியர் சொல்வதை மறுப்பதில்லை, புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதிவைக்கிறார்கள். பிரிஜிட் பல்லார்டும் ஜான் கிளான்சியும் இதற்கு ஒரு கொள்கை வடிவம் கொடுத்தார்கள். ஆசியக் கல்வி மரபுகள் அறிவைக் காப்பாற்றி ஒப்படைப்பவை, மேற்கத்தியப் பல்கலைக்கழகம் அறிவைக் கேள்வி கேட்டு நீட்டிக்கச் சொல்கிறது, இடையில் மாணவர் தடுமாறுகிறார் என்பது அவர்கள் விளக்கம். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட விளக்கம்தான். மாணவரைக் குற்றம் சொல்லாமல் புரிந்துகொள்ளுங்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்ட விளக்கம். ஆனால் குறையை மாணவரின் பண்பாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

ஜான் பிக்ஸ் இந்த இடத்தில் குறுக்கிட்டார். ஆஸ்திரேலியரான அவர் 1980-களின் பிற்பகுதியில் ஹாங்காங் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர். அவரும் டேவிட் வாட்கின்சும் தொகுத்த ‘சீனக் கற்பவர்’ என்ற ஆங்கில நூல் 1996-இல் வந்தது. நூலின் மையத்தில் ஒரு முரண் இருக்கிறது. பெரிய வகுப்புகள், கண்டிப்பான ஆசிரியர், ஓயாத தேர்வு, மனப்பாடம் என்று மேற்கத்தியக் கல்வியியல் எதையெல்லாம் கெடுதல் என்கிறதோ அத்தனையும் உள்ள பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஆழமான புரிதலைக் காட்டுகிறார்கள், பன்னாட்டுத் தேர்வுகளில் முன்னே நிற்கிறார்கள். இது எப்படி? சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஃபெரன்ஸ் மார்ட்டனும் அவருடைய குழுவினரும் சீன ஆசிரியப் பயிற்றுநர்களிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தி ஒரு விடை கண்டார்கள். மனப்பாடம் என்பது ஒன்றல்ல. பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்வது ஒரு வகை. திரும்பத் திரும்பச் சொல்லும்போதே ஒவ்வொரு முறையும் பொருள் கூடிக்கொண்டு போவது இன்னொரு வகை. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

தமிழ் வாசகருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி சொன்ன பிள்ளை எதற்காகச் சொன்னது என்பதைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த த. செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அளவும் நிறையும் கூலியும் வட்டியும் கணக்கிட வேண்டிய உலகத்தில் நினைவே கருவியாகவும் கற்கும் முறையாகவும் இருந்தது என்பது அவர் காட்டுவது. நிகண்டை மனனம் செய்த புலவர் அதைக் கொண்டு செய்யுளை உடைத்துப் பொருள் கண்டார். ஆகவே மனப்பாடம் செய்பவன் சிந்திக்க மாட்டான் என்ற முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. இன்றைய நம் பள்ளியில் நடப்பது அந்த மனனம்தானா என்பது தனிக் கேள்வி. ‘புக் பேக்’ கேள்விகளையும் கைடு புத்தகத்தின் குறுவினா நெடுவினாக்களையும் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவதற்காகவே படிக்கும் பிள்ளையிடம் மார்ட்டன் சொன்ன இரண்டாவது வகை உருவாக வழியில்லை. திண்ணைப் பள்ளியின் பெயரைச் சொல்லி இதை நியாயப்படுத்துவது அந்தத் திண்ணைக்கே செய்யும் அநீதி.

இன்னொரு செய்தியையும் நேராகப் பார்க்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நடத்தும் பன்னாட்டுத் தேர்வான பீசாவின் 2009 சுற்றில் ஷாங்காய் முதலிடம் பெற்றது. அதே சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று இமாச்சலப் பிரதேசம், மற்றொன்று தமிழ்நாடு. முடிவு 2011 இறுதியில் வெளிவந்தபோது, பங்கேற்ற 74 நாடுகளிலும் பகுதிகளிலும் இவ்விரண்டும் கடைசி மூன்று இடங்களுக்குள் இருந்தன. அதோடு இந்தியா அந்தத் தேர்விலிருந்தே விலகிக்கொண்டது. நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத வினாமுறை என்று சொல்லப்பட்ட சமாதானத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ‘ஆசிய மாணவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஷாங்காய்ச் சிறுவனையும் சங்கரன்கோவில் சிறுமியையும் அடைத்துப் பேசும் ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டாம். ஒரே கண்டம், ஒரே சுற்று, பட்டியலின் இரண்டு முனைகள்.

அந்தச் சொல்லை உள்ளிருந்து உடைத்தவர்களில் இருவர் தமிழர்கள் என்பது பெருமைக்காக மட்டும் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. கலிபோர்னியாவின் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பா. குமாரவடிவேலு, ஆங்கிலம் கற்பித்தல் துறையின் முதன்மை இதழ் ஒன்றில் 2003-இல் எழுதிய கட்டுரையில், ஆசிய மாணவரைப் பற்றிய மூன்று முத்திரைகளை எடுத்துக்கொண்டார். அதிகாரத்துக்குப் பணிபவர், விமரிசனச் சிந்தனை இல்லாதவர், வகுப்பில் பங்கேற்காதவர். இம்மூன்றுக்கும் ஆய்வுச் சான்று எவ்வளவு மெலிந்தது என்பதை அவர் காட்டினார். இவ்வளவு மெலிந்த சான்றை வைத்துக்கொண்டு இவை ஏன் இவ்வளவு பிடிவாதமாக நீடிக்கின்றன என்ற கேள்வியை ஆசிரியர்கள் பக்கமே திருப்பினார்.

மற்றவர் யாழ்ப்பாணத்தின் சுரேஷ் கனகராஜா. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், பின்னாளில் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1999-இல் வந்த அவருடைய நூலில் என்னை மிகவும் தொட்ட பகுதி, மாணவர்களின் பாடப்புத்தக ஓரங்களை அவர் வாசித்த விதம். அமெரிக்காவில் அச்சான ஆங்கிலப் பாடநூல் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாணவர்கள் அதன் ஓரங்களில் திரைப்பாட்டு வரிகளையும் அரசியல் முழக்கங்களையும் எழுதியிருந்தார்கள். பாடநூலின் படங்களை மாற்றி வரைந்திருந்தார்கள். வாய் மூடியிருந்ததே தவிர மனம் பாடத்தோடு வாதாடிக்கொண்டிருந்தது. வகுப்பில் மௌனமாக இருக்கும் ஆசிய மாணவருக்குச் சிந்தனை இல்லை என்று எழுதியவர்கள் ஒருமுறையாவது அவர் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைப் புரட்டியிருப்பார்களா? 2002-இல் வந்த இன்னொரு நூலில், காகிதமும் மின்சாரமும் தபாலும் இல்லாத நகரத்திலிருந்து ஒரு கட்டுரையை மேலைநாட்டு ஆய்விதழுக்கு அனுப்புவது எப்படிப்பட்ட பாடு என்பதை எழுதினார். அறிவுலகின் விதிகள் அறிவால் மட்டும் ஆனவை அல்ல, வசதியாலும் ஆனவை என்பது அதன் சாரம். இந்த இரண்டு நூல்களும் தமிழில் பரவலாகப் பேசப்படாமல் போனது நமக்கு இழப்பு.

மதிப்பெண்களை வைத்து நடந்த ஆய்வுகள் சொல்வதும் ஒரு நேர்க்கோட்டில் இல்லை. 2012-இல் பார்ட் ரியன்டீசும் பிறரும் நெதர்லாந்தின் 5 வணிகக் கல்விக்கூடங்களில் 958 மாணவர்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் ஒரு விந்தை தெரிகிறது. மேற்கத்தியப் பின்னணி இல்லாத பன்னாட்டு மாணவர்கள் மற்றப் பன்னாட்டு மாணவர்களைவிடக் குறைவாகவே பல்கலைக்கழக வாழ்வோடு ஒட்டியிருந்தார்கள். ஆனால் படிப்பின் முடிவில் மற்றவர்களுக்கு இணையாகவே வந்தார்கள். எல்லா மாணவருக்கும் பொருந்தும் என்று நினைத்திருந்த விதி, அதாவது கல்விச் சூழலோடு நன்றாகப் பொருந்தினால் தேர்ச்சி கூடும் என்பது, இவர்களிடம் பொருந்தவில்லை.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இந்த மாணவர்கள் யாரும் சொல்லித்தராத விதிகளைத் தனியாக, கூடுதல் மணிநேரம் செலவழித்து, ஒருவரை ஒருவர் கேட்டுக் கற்றுக்கொண்டு கரையேறுகிறார்கள். தேர்ச்சிப் பட்டியலில் அந்தக் கூடுதல் விலை தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் எர்லெனவாட்டி சாவிரும் சைமன் மார்ஜின்சனும் மற்றவர்களும் 200 பன்னாட்டு மாணவர்களிடம் நடத்திய விரிவான நேர்காணல்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தனிமையால் அவதிப்பட்டதாகச் சொன்னார்கள், குறிப்பாக முதல் சில மாதங்களில். முதல் சில மாதங்கள் என்பது ஓராண்டு முதுகலையில் படிப்பின் பாதி.

ஓராண்டு முதுகலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். பொறியியலில் 85 சதவீதம் வாங்கிய மாணவி இங்கிலாந்தில் முதல் அசைன்மென்ட்டுக்கு 62 வாங்குகிறாள். வீட்டுக்குச் சொல்லக் கூச்சப்படுகிறாள். அங்கே முதுகலைத் தேர்ச்சிக்கு 50, அடுத்த தரத்துக்கு 60, உச்சத் தரத்துக்கு 70 என்பதும் 80-ஐத் தாண்டுபவர் அரிது என்பதும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 62 என்பது நல்ல மதிப்பெண். ஆனால் அதோடு வந்த ஒரு பக்கக் குறிப்பு மதிப்பெண்ணைவிட முக்கியமானது. எந்த இடத்தில் வாதம் தளர்ந்தது, எந்தச் சான்றுக்கு எதிர்ச்சான்று சொல்லாமல் விட்டாய், எங்கே பிறர் கருத்தை விவரித்துவிட்டு உன் கருத்தைச் சொல்லாமல் நகர்ந்தாய் என்று ஆசிரியர் எழுதியிருப்பார். நம் இணைவுக் கல்லூரிகளில் விடைத்தாள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். திரும்பி வருவது ஓர் எண் மட்டும். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டி நகல் வாங்கினாலும் அதில் சிவப்பு மையில் கூட்டல் கணக்குதான் இருக்கும். 16 ஆண்டு படிப்பில் தன் எழுத்தின் மேல் ஒரு விமரிசன வரியைக்கூடப் பெறாதவளுக்கு அந்தக் குறிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் போனால் அது பண்பாட்டின் குற்றமா?

டர்னிட்டின் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததுதான். எழுத்து எவ்வளவு தூரம் வேறொன்றோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் மென்பொருள் அது. புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று 12 ஆண்டுகள் பழக்கிவிட்டு, அதே காரியத்தைத் திருட்டு என்று அழைக்கும் இடத்துக்கு ஒரே விமானப் பயணத்தில் அனுப்புகிறோம். விசாரணைக் குழுவின் முன்னால் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளில் பலர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. மேற்கோள் காட்டுவது ஒரு வித்தை, பழகினால் ஒரு பருவத்தில் கைவரும். பழக்குவதற்குத்தான் இங்கே ஆள் இல்லை, நேரமில்லை, பாடத்திட்டத்தில் இடமும் இல்லை.

நேரம் என்றதும் நினைவுக்கு வரும் கணக்கு இது. இங்கிலாந்தில் முதுகலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணிநேர உழைப்பு என்பது அங்கத்தியக் கணிப்பு. ஆக 1,800 மணிநேரம். 50 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 36 மணி. மாணவர் விசாவில் பருவ நாட்களில் வாரம் 20 மணிநேரம் வேலை செய்யலாம். கடன் வாங்கி வந்த பிள்ளை அந்த 20 மணியையும் விடாது. கிடங்கு, உணவகம், முதியோர் இல்லம் என்று எங்காவது நின்றுகொண்டே இருக்கும். 36-உம் 20-உம் 56. அதன் மேல் பேருந்துப் பயணம், சமையல், அடுத்த வேலைக்கான விண்ணப்பங்கள். ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி என்றது, கனடா 2024 நவம்பரில் வாரம் 24 மணியாக உயர்த்தியது. நாட்டுக்கு நாடு எண் மாறினாலும் வெட்டுப்படுவது படிப்புக்கான மணிநேரம்தான். நூலகத்தில் உட்கார வேண்டிய பொழுதை இரவுப் பணிக்குக் கொடுத்துவிட்டு, காலை வகுப்பில் கண் செருகி அமர்ந்திருக்கும் மாணவரைத்தான் ‘பங்கேற்காத ஆசிய மாணவர்’ என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார்.

அந்த 20 மணியின் வேர் இங்கே இருக்கிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டியதில்லை. வெளிநாட்டுக்கு அந்தத் தொகை போதாது. அதற்கு மேல் போனால் வீடோ நிலமோ வேண்டும். கரிசல் மானாவாரிக்கு வங்கி போடும் மதிப்பு சொற்பம். ஆகவே வீடு அடமானமாகிறது, நகை போகிறது, மீதிக்குத் தனியார் நிதி நிறுவனங்களின் கூடுதல் வட்டிக் கடனும் சொந்தக்காரர்களின் கைமாற்றும். முதல் மாதத்திலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும் கடனும் உண்டு. சென்னையில் நல்ல சம்பளக்காரர் வீட்டிலிருந்து போன பிள்ளைக்கும் திருவேங்கடத்திலிருந்து போன பிள்ளைக்கும் ஒரே பாடம், ஒரே ஆசிரியர். ஒருவருக்கு வாரம் 36 மணியும் முழுதாகக் கிடைக்கிறது, மற்றவருக்கு அதில் பாதி. பன்னாட்டு மாணவரின் கற்றலை நாடு, இனம், மொழி வாரியாகப் பிரித்து அளக்கும் ஆய்வுகள் கடன் வாரியாகவும் பிரித்துப் பார்த்தால் பண்பாட்டின் தலையில் ஏற்றிய பாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவம் வேறு கதை. வெளிநாட்டில் கற்றதை இந்தியாவே திரும்ப அளந்து பார்க்கும் துறை அது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு 2002-இலிருந்து நடக்கிறது. 300 கேள்விகள், பாதி எடுத்தால் தேர்ச்சி. 2015 முதல் 2018 வரை இதை எழுதிய 61,708 பேரில் தேறியவர்கள் 8,764 பேர், 14.2 சதவீதம். சீனாவில் படித்து வந்தவர்களில் 11.67, ரஷ்யாவில் 12.89, உக்ரைனில் 15, நேபாளத்தில் 17.68, வங்கதேசத்தில் 27.11 சதவீதம். 2020-இல் ஒட்டுமொத்தத் தேர்ச்சி 14.68, 2021-இல் 23.83.

இந்த எண்களை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளை ஏளனம் செய்யும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. அது தவறு. ஒருவரே பலமுறை எழுதலாம் என்பதால் தோல்விகள் எண்ணிக்கையில் பெருகும். உள்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்தவர்கள் இதே தாளை எழுதுவதில்லை. இரு சாராருக்கும் பொதுவாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன நெக்ஸ்ட் தேர்வு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஒப்பிட எதிர்த்தட்டு இல்லாத தராசு இது. ஆனாலும் நாடுகளுக்கு இடையிலான வேறுபாடு ஒன்றைச் சொல்கிறது. போனவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வகை இந்திய மாணவர்கள். அரசு இடத்துக்கு எட்டாத, தனியார் கட்டணத்துக்கு வசதி இல்லாத பிள்ளைகள். போன இடம் மாறியதும் முடிவு இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. வங்கதேசத்தில் பாடநூல்களும் நோய்களும் நம்முடையவை போன்றவை, நோயாளியின் பேச்சும் காதுக்கு அந்நியமல்ல. சீனாவிலோ ரஷ்யாவிலோ வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் படுத்திருப்பவர் ஆங்கிலம் பேசுவதில்லை. நோயாளியிடம் நாலு வார்த்தை கேட்கத் தெரியாமல் 6 ஆண்டு மருத்துவம் படிப்பது எப்படி? மாணவரின் பிறப்போ பண்பாடோ மாறவில்லை, கற்கும் சூழல்தான் மாறியது. விளைவும் அதோடு மாறியது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல விரும்புவதற்கு இந்தியாவின் கையிலேயே உள்ள சான்று இது.

2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் கொண்டுவந்தது. குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, கற்பிக்கும் மொழி ஆங்கிலம். மூன்று மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைனில் போர் மூண்டது. இந்திய அரசின் மீட்பு நடவடிக்கையான ஆபரேஷன் கங்காவில் திரும்பியவர்களில் தமிழ்நாட்டு மாணவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். குண்டுச் சத்தத்துக்கு நடுவே எல்லை வரை நடந்து வந்த அந்தப் பிள்ளைகளின் மீதிப் படிப்பு இணையவழியிலும் வேறு நாடுகளிலும் சிதறிப்போனது. அவர்களுடைய கற்றல் விளைவை எந்த அளவுகோலால் அளப்பது என்று நான் அறியேன். அளக்கும் முன் அவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

‘கற்றல் விளைவு’ என்ற சொல்லாட்சி நம் கல்லூரிகளுக்குப் புதிதல்ல. 2014 ஜூனில் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினரானதிலிருந்து பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் இரவு பகலாகப் போடும் சிஓ-பிஓ மேப்பிங் (பாட விளைவுகளைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்தும்) அட்டவணைகள் அதற்காகத்தான். தேசிய தரநிர்ணயக் குழு வரும் வாரத்தில் அலமாரி நிறையக் கோப்புகள் சேரும். அந்தக் கோப்பில் ‘விமரிசன நோக்கில் பகுத்தாயும் திறன்’ என்ற வரிக்கு நேரே உச்ச அளவான 3 என்று போடப்பட்டிருக்கும். அதே மாணவர் லீட்ஸிலோ டப்ளினிலோ போய் இறங்கும்போது அந்தத் திறனைத் தேடிப் பார்த்தால் அவர் அதுவரை ஒரு கட்டுரைகூடச் சொந்தமாக எழுதியிருக்க மாட்டார். ஆசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 60 பேர் வகுப்பு, கௌரவ விரிவுரையாளர் சம்பளம், தேர்வுப் பணி, நிர்வாகப் பணி என்று அவர்கள் நேரமும் கடனில்தான் ஓடுகிறது.

தென்காசிக்குப் பக்கத்திலேயே இந்தக் கேள்விக்கு வேறொரு பக்கத்திலிருந்து வந்த விடை ஒன்று இருக்கிறது. சென்னை ஐஐடியிலிருந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போய் முனைவர் பட்டம் பெற்ற ஸ்ரீதர் வேம்பு திரும்பி வந்து தங்கிய ஊர் மத்தளம்பாறை. அவர் தொடங்கிய சோகோ மென்பொருள் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி அங்கே பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறது, பட்டம் கேட்பதில்லை, பட்டம் கொடுப்பதுமில்லை. செய்து கற்பது, செய்ததைத் திருத்திக்கொடுப்பது, மறுபடி செய்வது. ஒரு நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்ட கல்வி அது, பல்கலைக்கழகத்துக்கு மாற்றாக நான் அதை முன்வைக்க மாட்டேன். ஆனால் இதே மண்ணின் பிள்ளைகள் திருத்தித்தர ஆளும் நேரமும் இருந்தால் எவ்வளவு விரைவாக மேலேறுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை.

கண்ணாடியை நம் பக்கமும் திருப்ப வேண்டும். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். முதலிடம் நேபாளத்துக்கு, 28 சதவீதம். அடுத்து ஆப்கானிஸ்தான், வங்கதேசமும் பூட்டானும் முன்வரிசையில். அவர்களும் ஆசிய மாணவர்கள்தாம். நம் வகுப்பறையில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் ஆப்கானிய மாணவரை நாம் என்னவென்று குறித்துக்கொள்கிறோம்? தமிழ்நாட்டில் 1983-க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மறுவாழ்வு முகாம்களிலிருந்து கல்லூரிக்கு வருகிறார்கள். நம் மொழியையே பேசினாலும் குடியுரிமைக் கட்டத்தில் வேறு எழுத வேண்டியவர்கள். பட்டம் வாங்கியும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது என்று தெரிந்தே படிக்கும் பிள்ளையிடம் கற்றல் ஆர்வம் குறைவு என்று ஓர் ஆசிரியர் சொன்னால், ஆஸ்திரேலிய ஆசிரியர் 1970-களில் செய்த அதே பிழையை அவர் செய்கிறார். முகாம் பிள்ளைகள் கல்லூரியில் எப்படித் தேறுகிறார்கள், எங்கே நின்றுபோகிறார்கள் என்பதை நம் பல்கலைக்கழகங்களே தொகுத்து வெளியிட வேண்டும்.

செய்யக்கூடியவை எட்டாத தூரத்தில் இல்லை. இளங்கலை மூன்றாம் ஆண்டில் ஒரு தாளையாவது தேர்வு இல்லாமல், 3,000 சொல் கட்டுரையாக வைத்து, ஒருமுறை திருத்தித் தந்து மறுபடி எழுத வைக்கலாம். தமிழில் எழுதினாலும் சரிதான். வாதம் கட்டும் பழக்கம் ஒரு மொழியில் வந்தால் மற்ற மொழிக்கும் வரும். கல்விக் கடன் கேட்டு வருபவரிடம் வங்கி மேலாளர் பிணைப் பத்திரத்தோடு வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வேலை செய்து இதை அடைப்பதாக உத்தேசம் என்றும் கேட்டு எழுதி வாங்கலாம். கேட்டாலே பாதிக் குடும்பங்கள் மறுகணக்குப் போடும். அனுப்பும் முகவரிடம் பெற்றோர் கேட்க வேண்டியது சீட் நிச்சயமா என்பதல்ல, போன ஆண்டு நீங்கள் அனுப்பியவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் முடித்தார்கள் என்பது.

பதிலைத் தெரிந்துகொள்ள அரசுக்கு ஏற்கெனவே ஒரு வழி திறந்திருக்கிறது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப அண்ணல் அம்பேத்கர் பெயரில் தமிழ்நாடு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. கட்டணத்தை அரசே கட்டுவதால் ஒவ்வொரு மாணவரின் கல்லூரியும் பாடமும் துறையின் கோப்பில் இருக்கும். கட்டண ரசீதோடு மதிப்பெண் சான்றையும், படிப்பு முடிந்ததும் மாணவர் கைப்பட எழுதும் இரண்டு பக்க அறிக்கையையும் வாங்கி, பெயர்களை நீக்கி ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட்டால் போதும். எந்தப் பாடத்தில் முதல் பருவத்தில் சறுக்கினார்கள், யார் எதனால் மீண்டார்கள், எந்தப் பல்கலைக்கழகம் கைகொடுத்தது என்பது தெரிந்துவிடும். கடன் சுமை இல்லாதவர்களின் கணக்கு என்பதால், கடனோடு போனவர்களின் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும். அடுத்த ஆண்டு திருவேங்கடத்திலிருந்து விண்ணப்பம் போட உட்காரும் மாணவியின் கையில் முகவர் சொல்லாத தகவல் ஒன்றாவது இருக்கும்.